சேவைக்குச் சம்பளம்

எண்ணூரைத் தாண்டி அத்திப்பட்டு புதுநகரை நோக்கிக் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் போய்க்கொண்டிருந்த ஒரு காலை வேளையில், காசிமேட்டில் மீன் எடுத்துக்கொண்டு மீஞ்சூர்ப் பக்கம் விற்கப் போகும் மூதாட்டி ஒருவர், எதிரே நின்ற கல்லூரிப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்தக் கம்பெனிம்மா?" என்று கேட்டார். அந்த வழியில், அந்த நேரத்தில், தோளில் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாகப் போகிறவர்கள் யாவரும் ஏதேனும் ஒரு கம்பெனிக்குப் போகிறவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய அனுபவம்.

"கம்பெனி இல்ல ஆயா. காலேஜ்ல படிக்கிறேன். வாரத்துல ரெண்டு நாள் களப்பணி. செப்பாக்கத்துக்குப் போறேன்."

"அங்க இன்னா வேல?"

பெண் சற்றுத் தயங்கினாள். "ஜனங்களோட பேசணும். பென்ஷன், பட்டா, பசங்க படிப்புன்னு யாருக்கு என்ன கஷ்டமோ கேட்டு எழுதணும்."

"அதுக்குச் சம்பளம் தர்றாங்களா?"

"இப்ப இல்ல. படிச்சு முடிச்சாக் கெடைக்கும்."

"நாலு பேருக்கு நல்லது பண்றதுக்கா சம்பளம்?" என்று ஆயா சிரித்தார். அந்தச் சிரிப்பில் பரிகாசம் இல்லை. மழை பெய்வதற்கு யாரோ கூலி கேட்டதுபோன்ற நிஜமான ஆச்சரியந்தான் இருந்தது. புதுநகரில் பெண் இறங்கினாள். பொன்னேரியில் இறங்க வேண்டிய நான் மீதிப் பிரயாணத்தை அந்த ஆச்சரியத்தைப் பற்றிய யோசனையிலேயே கழித்தேன்.

ஆயாவுக்குத் துணையாக நம் பாஷையே நிற்கிறது. தர்மம், கைங்கரியம், பரோபகாரம், தொண்டு, சேவை என்று பிறர்க்கு உதவுவதைக் குறிக்க நாம் வழங்கிவரும் சொற்களில் எதனோடும் சம்பளம் என்ற சொல் ஒட்டி உட்காருவதில்லை. ஒட்டவைத்தால், கோயில் பிரசாதத்துக்கு விலைச்சீட்டுக் கட்டியதைப்போலக் காதுக்கு ஏதோ உறுத்துகிறது. 'சோஷியல் ஒர்க்' என்னும் புதிய வித்தைக்குத் தமிழ்ப்பெயர் தேடியவர்கள் முதலில் சமூக சேவை என்றும் பிறகு சமூகப்பணி என்றும் எழுதலானதற்கு இந்த உறுத்தலும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். கோயில் திருப்பணியும் அரசாங்கப் பணியும் ஒன்றையொன்று இடிக்காமல் குடியிருக்கும் விசாலமான சொல் 'பணி'.

ரயில் போன வழியெல்லாம் இந்தச் சொற்களின் சரித்திரமும் கிடக்கிறது. பழைய வடசென்னைக்காரர்கள் ஸ்டான்லி மருத்துவமனையை இன்றும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். ஹைதர் அலியின் படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் கிராமங்களை விட்டுப் பட்டணத்துக்கு ஓடிவந்த ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்றுவதற்காக 1782-இல் ஏற்பட்ட மணியக்காரர் சத்திரத்தின் ஞாபகம் அது. தானியம் தனவந்தர்களுடையது, மேற்பார்வை கிழக்கிந்தியக் கம்பெனியாருடையது, வரிசையில் நின்றவர்கள் யாரென்று எழுதி வைப்பார் இல்லை. கஞ்சி வாங்கியவன் நாளை என்ன ஆவான் என்று விசாரிப்பது ஒருவருடைய உத்தியோகமாகவும் இருக்கவில்லை.

ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து வந்த 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், சம்பளம் வாங்குகிற ஒருவர் இந்த விசாரணையைச் செய்தார். நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்துக்கு ஈடான கூலியும் சில்லறைக் காசும் போதும் என்று பஞ்ச நிலவரத்தைப் பார்க்க இந்திய சர்க்கார் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள் நிர்ணயித்தபோது, சென்னை ராஜதானியின் சுகாதார கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ், அந்த அளவை உண்டு வேலை செய்யும் உடல் மெலிந்து சாகும் என்பதை வைத்தியக் கணக்கோடு எழுதி, எழுதியதை மீண்டும் எழுதி, மேலிடத்தோடு மல்லுக்கு நின்றார். சில மாதங்களில் அளவு உயர்த்தவும் பட்டது. அதே பஞ்ச நிவாரணத்தில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டிய கால்வாய்க்குக் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் வாய்த்தது. எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் உப்பும் விறகும் சுமந்த படகுகளின் பாதையும் அந்தப் பெயரிலேயே வழங்கலாயிற்று. கார்னிஷின் பெயர் எனக்குத் தெரிந்து ஒரு தெருமுனைக்குக்கூட வாய்க்கவில்லை. தானம் கொடுத்தவர் கொடுத்ததோடு போகலாம்; சம்பளம் வாங்கியவர் கணக்குச் சொல்லியாக வேண்டியிருந்தது, அந்தக் கணக்கே அவருடைய ஆயுதமாகவும் ஆயிற்று. சேவைக்குச் சம்பளம் என்றதும் முகம் சுளிக்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் முதல் உதாரணம் இவர்தான்.

பெரம்பூரில் பக்கிங்ஹாம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் எழுந்த பின்னர், ஏழையின் கஷ்டத்துக்கு ஆலைக் கஷ்டம் என்ற புதிய ரூபம் உண்டாயிற்று. ஆளை வேலைக்குச் சேர்ப்பவனும் மேஸ்திரி, வேலையிலிருந்து விரட்டுபவனும் மேஸ்திரி. கல்யாணத்துக்குக் கடன் கொடுப்பவன், கருமாதிக்கு லீவு வாங்கித் தருபவன், அதற்கெல்லாம் கைமாறாக மாதாமாதம் மாமூல் பிடிப்பவன் எல்லாம் அவனே. ஒரு விதத்தில் அந்நாளைய நல அதிகாரி மேஸ்திரிதான் என்று சொன்னால் தொழிற்சங்கத்து நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனாலும் உண்மை அதுவே. 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி செல்வபதி செட்டியாரும் ராமாநுஜலு நாயுடுவும் முன்னின்று, பி.பி. வாடியாவைத் தலைவராக வைத்துத் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், இரக்கத்தைக் கேட்காமல் உரிமையைக் கேட்டது. 1921-இல் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்துக்குப் பின், ஆலைக்காரர்கள் கட்டிக்கொடுத்த வீடுகளும் பள்ளிக்கூடங்களும் மட்டும் ஜனங்களைச் சமாதானப்படுத்திவிடா என்பது எல்லோர்க்கும் விளங்கிவிட்டது.

இந்த இடத்தில் புனாவிலிருந்து வந்த ஒரு யோசனையைப் பிரஸ்தாபிக்க வேண்டும். கோகலே 1905-இல் ஸ்தாபித்த இந்திய ஊழியர் சங்கத்தின் அங்கத்தினர்கள், வேறு ஜீவனோபாயம் தேடாமல், குடும்பம் நடத்தப் போதுமான சொற்பத் தொகையைச் சங்கத்திலிருந்து பெற்றுக்கொண்டு வாழ்நாள் முழுவதும் பொதுக்காரியம் செய்வது என்று விரதம் பூண்டவர்கள். உத்தியோகஸ்தரின் சம்பளத்துக்கும் சந்நியாசியின் பிச்சைக்கும் நடுவில் புதிதாகப் போட்ட வரப்பு அது. கோகலேக்குப் பின் தலைமை ஏற்ற நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரும், பம்பாய்த் தொழிலாளரிடையே உழைத்த என்.எம். ஜோஷியும், இந்தியத் தொழிலாளர் நிலையை விசாரிக்க 1929-இல் நியமனமான விட்லி கமிஷனில் அங்கத்தினர்களாக இருந்தார்கள். 1931-இல் வெளிவந்த அறிக்கை, ஆள் சேர்க்கும் அதிகாரத்தை மேஸ்திரியின் கையிலிருந்து பிடுங்கி, ஆலைதோறும் தனியே ஒரு தொழிலாளர் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. இந்த மாகாணத்தில் சமூகப்பணி என்ற உத்தியோகத்துக்கு விதை விழுந்த இடம் எதுவென்று கேட்டால், நான் காட்டுவது இந்தச் சிபார்சைத்தான்.

அப்படிப்பட்ட அதிகாரி வேண்டுமென்றால் அவருக்கு யார் கற்றுக்கொடுப்பது? பம்பாய் நாக்பாடாவில் சேரிவாழ் மக்களிடையே பணிமனை நடத்திய அமெரிக்கப் பாதிரியார் கிளிஃபர்டு மான்ஷார்ட்டைத் தலைவராகக் கொண்டு 1936-இல் சமூகப்பணிக்கான டாட்டா பள்ளிக்கூடம் தொடங்கிற்று. சென்னைக்கு மேலும் பதினாறு ஆண்டுகள் பிடித்தன. இங்கே அதைச் செய்தவர் உதகையில் 1909-இல் பிறந்த பார்சிப் பெண்மணியான மேரி கிளப்வாலா ஜாதவ். இளம் வயதிலேயே கணவரை இழந்து, கில்டு ஆஃப் சர்வீஸ் என்ற சேவா சங்கத்தின் காரியங்களில் தம்மைக் கரைத்துக்கொண்டவர் அவர்; இரண்டாம் உலக யுத்தத்தின்போது பட்டணத்தின் வழியாகப் போன சிப்பாய்களுக்கு உபசார ஏற்பாடு செய்து, போர்முனை வரையில் பெயர் பெற்றவர்; 1956-இல் சென்னையின் ஷெரீப் பதவி வகித்தவர். காசு வாங்காத சேவைக்கே நடமாடும் இலக்கணமாக விளங்கிய அந்த அம்மையார்தாம், காசு வாங்கி வேலை செய்பவர்களை உருவாக்குவதற்காக 1952-இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கைத் தொடங்கினார். தென்னாட்டில் அவ்வகையில் அது முதலாவது. நல்ல மனசுக்காரர்களின் ஓய்வுநேரத்தை நம்பி ஒரு நகரத்தின் துன்பத்தை நிர்வகிக்க முடியாது என்பதை, ஓய்வே அறியாமல் உழைத்த அவரைவிட நன்றாக உணர்ந்தவர் யார் இருக்க முடியும்? எழும்பூர் காசா மேஜர் சாலையில் இன்றும் அந்தப் பள்ளி நடக்கிறது. பின்னர் லயோலாவிலும் ஸ்டெல்லா மாரிஸிலும் கோவை பி.எஸ்.ஜி.யிலும் மதுரையிலும் இந்தப் படிப்பு பரவிய கதை இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை.

அவசியமானது 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம். அதன் 49-ஆம் பிரிவு, 500 பேருக்குக் குறையாமல் தொழிலாளர் உள்ள ஆலைகளில் நல அதிகாரி இருந்தே தீர வேண்டும் என்று கட்டளையிட்டது. 250 பேருக்கு மேல் இருந்தால் சாப்பாட்டுக்குக் கேன்டீன், 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, குழந்தைகளுக்குத் தொட்டில் அறை என்று தலைக்கணக்கின்படி நன்மைகளை வகுத்த சட்டம், அந்த நன்மைகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்க ஒரு மனிதரையும் வகுத்தது. அதே காலத்தில் இந்தப் பக்கம் ஆலைகளும் வரிசையாக எழுந்தன. திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டி ஆலை ஏற்கனவே இருந்தது. எண்ணூரில் 1948-இல் ஏற்பட்ட அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்டாயிற்று. அதே 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு வந்தது. பலூன் செய்துகொண்டிருந்த எம்.ஆர்.எஃப். டயர் செய்யப் புறப்பட்டது. காசா மேஜர் சாலையிலிருந்து டிப்ளமாவோடு வெளிவந்த இளைஞனுக்கு, வடக்கே போகும் ரயிலில் ஏறினால் உத்தியோகம் உண்டு என்ற நிலைமை அப்போது பிறந்தது.

அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஒரு பெரியவரிடம் அவருடைய ஓய்வுக்காலத்தில் பல மாலைகள் பேசிக்கொண்டிருக்கும் பாக்கியம் எனக்கு இருந்தது. சம்பள நாளன்று ஆலை வாசலில் ஒரு பக்கம் ஈட்டிக்காரன் வட்டிக்காகத் தடியோடு நிற்பான், மறு பக்கம் பெண்டாட்டிமார் இடுப்பில் குழந்தையோடு நிற்பார்கள், இரண்டு பேருக்கும் நடுவில் சம்பளக் கவரோடு வெளியே வருகிறவனுடைய முகத்தைப் பார்த்தே அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று சொல்லிவிடலாம் என்பார். கூட்டுறவுக் கடன் சங்கத்தைப் பற்றிப் பத்துப் பிரசங்கம் செய்வதைவிட, அந்த வாசலில் தாம் வெறுமனே போய் நிற்பதே அதிகப் பலன் தந்தது என்பது அவருடைய அபிப்பிராயம். தினமும் கேன்டீன் சாம்பாரை முதல் கரண்டி தாமே ருசி பார்ப்பாராம். உப்புக் கூடினால் அன்றைக்கு வேலையே ஓடாது என்பார்.

ஆனால் அவர் குரல் தாழ்ந்து பேசிய விஷயம் ஒன்று உண்டு. "நான் யாருடைய ஆள்? அதைத்தான் முப்பது வருஷமும் ரெண்டு பக்கத்துக்காரர்களும் கேட்டார்கள்," என்பார். சட்டம் அவரைத் தொழிலாளியின் நன்மைக்காக நியமித்தது. சம்பளம் முதலாளியின் பெட்டியிலிருந்து வந்தது. இந்தச் சங்கடம் சட்டம் செய்தவர்களுக்கும் தெரியாததன்று. தொழிலாளரில் பெரும்பாலோர் பேசும் பாஷை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றும், தொழிலாளிக்கு எதிராக நிர்வாகத்தின் சார்பில் கோர்ட்டிலோ சமரச அதிகாரியின் முன்னிலையிலோ அவர் ஆஜராகக் கூடாது என்றும் பல மாநிலங்களில் விதி எழுதி வைத்தார்கள். காகிதத்தில் அந்த விதி அழகாகத்தான் இருக்கிறது. நாளடைவில் லேபர் ஆபீசரும் வெல்பேர் ஆபீசரும் பர்சனல் இலாகாவில் கரைந்து, பர்சனல் இலாகா ஹெச்.ஆர். ஆகி, ருசி பார்த்த கரண்டி பையன்கள் கைக்குப் போய், வருகைப் பதிவும் சம்பளப் பட்டியலும் ஒழுங்கு நடவடிக்கை நோட்டீசும் முன்னுக்கு வந்துவிட்டன. மேஸ்திரி ஒழிந்தானா என்றால், கான்ட்ராக்டர் என்ற பெயரோடு வாசலுக்கு வெளியே நிற்கிறான்.

அத்திப்பட்டுக்கு வருவோம். இந்த ஊரின் பெயரைச் சொன்னவுடன், 2001-இல் வந்த 'சிட்டிசன்' படத்தில் வரைபடத்திலிருந்தே காணாமற்போன அத்திப்பட்டியா என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது கற்பனைப் பட்டி. இது ரயில் நின்று போகும் பட்டு. உப்பளமும் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்து இறாலும் நெல்லுமாக இருந்த இவ்வட்டாரத்தில் 1994-இல் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓடத் தொடங்கியது; 210 மெகாவாட் வீதம் மூன்று யூனிட்டுகள் முதலில், பெரிய யூனிட்டுகள் பிற்பாடு. அதற்கு வேண்டிய நிலக்கரியை இறக்குவதற்காகவே 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டு, பின்னர் காமராஜர் பெயரை ஏற்றது. செப்பாக்கத்தின் அருகே சாம்பல் குளம் விரிந்தது. மதிலுக்கு உள்ளே இருப்பவனுக்குச் சட்டத்தின் தலைக்கணக்கு உண்டு. 1976-ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு கான்ட்ராக்ட் ஆளும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். கழிமுகத்துச் சேற்றில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, கையாலேயே இறால் தடவிப் பிடித்து, வாயில் கவ்விய பறியில் போடும் இருளர் பெண்ணுக்கு எந்தப் பிரிவின் கீழ் நல அதிகாரி? ஆலை மதிலுக்குள் பிறந்த இந்த உத்தியோகம், மதிலைத் தாண்டி வெளியே நடந்து வரும்போதுதான் தன் பெயருக்குப் பொருத்தமாகிறது என்பது என் எண்ணம்.

அப்படி நடந்து வந்த தடங்கள் இந்த ரயில் பாதையிலேயே இருக்கின்றன. பாதையின் கோடியில், சிப்காட் ஆலைகளுக்கு அருகே, 1990-இல் ஏற்பட்ட கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் புதல்வர் சந்திரஹாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்களில் உதவி பெறுகிற அகதிகளையே உதவி செய்கிறவர்களாகப் பழக்கிற்று. குழந்தைக்கு எடை பார்ப்பவரும், மாலையில் பாடம் சொல்பவரும், சண்டை போட்டுக்கொண்ட தம்பதியை உட்கார்த்திப் பேசுபவரும் அடுத்த வீட்டு அக்காவாகவே இருந்தபோது, 'யாருடைய ஆள்' என்ற கேள்விக்கு இடமே இல்லாமற்போயிற்று. இந்தப் பக்கம் இப்படி. செங்குன்றத்து அரிசி ஆலைகளில் சில ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு அடைபட்டுக் கிடந்த இருளர்களை, 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி அதிகாரிகள் மீட்டு விடுதலைச் சான்றிதழ் கொடுத்தது அந்தப் பக்கம். சான்றிதழ் கையில் வந்த மறுநாள் எங்கே சமைப்பது, ரேஷன் கார்டு எந்த விலாசத்துக்கு வாங்குவது, பிள்ளையை எந்த வகுப்பில் உட்கார்த்துவது என்பனவற்றுக்குச் சட்டத்தில் விரிவான பதில் கிடையாது. அங்கேதான் நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர் கூடவே நடக்க வேண்டியிருக்கிறது, ஒரு நாள் அல்ல, ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு. ஓய்வுநேர உபகாரியால் அவ்வளவு தூரம் நடக்க இயலாது.

சர்க்காரும் இந்தச் சம்பள விஷயத்தில் ஆயாவைப் போலவே கூச்சப்படுவதுதான் வேடிக்கை. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிப் பெண்கள், கர்ப்பிணியின் எடை முதல் மூன்று வயதுப் பிள்ளையின் சத்துமாவு வரை கணக்கு வைத்து, கிராமத்துக் காரியத்தில் பாதியை முதுகில் சுமக்கிறார்கள். அவர்கள் கையில் விழுவதற்குச் சம்பளம் என்று பெயரில்லை, மதிப்பூதியம் என்று பெயர். பெயரில் மதிப்பைக் கூட்டித் தொகையில் குறைத்துவிடும் சாமர்த்தியம் அந்தச் சொல்லில் இருக்கிறது. சேவை என்று புகழ்வது பல சமயங்களில் கூலியைக் குறைப்பதற்கான பீடிகையாகவே முடிகிறது என்று நான் சொன்னால் அதைக் கசப்பு என்று தள்ள வேண்டாம்.

இப்போது மறுபடியும் காலம் மாறுகிறது. 2013-ஆம் வருஷக் கம்பெனிச் சட்டம், பெரிய கம்பெனிகள் தங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்றதிலிருந்து, மதிலுக்கு வெளியே வேலை செய்யவும் மதிலுக்கு உள்ளேயிருந்து சம்பளம் வருகிறது. 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் அமல் என்று அறிவிக்கப்பட்ட புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில், நல அதிகாரிக்கான 500 என்ற எண் 250 ஆகியிருக்கிறது. கும்மிடிப்பூண்டி ஆலைகளில் இன்று ஒடியாவும் இந்தியும் வங்காளமும் கேட்கின்றன. பெரும்பாலோரின் பாஷை தெரிந்திருக்க வேண்டும் என்ற பழைய விதியை யாரேனும் எடுத்து நிஜமாகவே அமல் செய்தால், நம் பிள்ளைகள் புதிதாக எழுத்துக் கற்க வேண்டியிருக்கும்.

இரண்டு வாரம் கழித்து அதே ரயிலில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். ஆயா அன்று வரவில்லை. களப்பணிக் குறிப்பேட்டை மடியில் வைத்து, ஓடுகிற ரயிலில் எழுத்துக் கோணிக்கொண்டு போவதைப் பொருட்படுத்தாமல், முதியோர் பென்ஷன் நின்றுபோன மூன்று பேருடைய விவரத்தை எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தின் ஓரத்தில் பேராசிரியரின் கையெழுத்துக்கு ஒரு கட்டம் காலியாக இருந்தது. அடுத்த ஆண்டு எந்தப் பிரிவு எடுக்கப் போகிறாய் அம்மா என்று விசாரித்தேன். சமுதாய வளர்ச்சியா, மருத்துவமனைப் பிரிவா, மனிதவளமா என்று விண்ணப்பத்தில் குறித்துக் கொடுக்க வேண்டும், மனிதவளம் என்றால் கம்பெனிக்காரர்கள் கல்லூரிக்கே வந்து ஆள் எடுக்கிறார்கள், வீட்டில் அப்பாவுக்கும் அதுதான் விருப்பம் என்றாள்.

"நீ எதைக் குறித்தாய்?"

"இன்னும் எழுதல சார். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு," என்று சொல்லிவிட்டு, புதுநகர் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தாள்.